ஓடிய மணியா, கடந்த ஆண்டா? சர்வரின் வயதை அளக்கும் வழிகள்

ஒரு சர்வரின் வயதை எதிலிருந்து எண்ணுவது? வாங்கிய தேதியிலிருந்தா, மின்சாரம் பாய்ந்த மணிகளிலிருந்தா, அது செய்து முடித்த வேலையிலிருந்தா? வாரண்டி கேட்க உரிமை இருக்கிறதா, ஹார்டு டிஸ்க்கை இப்போதே மாற்றுவதா, பராமரிப்பு ஒப்பந்தத் தொகையை எந்த அடிப்படையில் பேசுவது என்ற கேள்விகள் எல்லாம் இந்த ஒன்றில் வந்து முட்டுகின்றன. கணினித் துறை அறுபது ஆண்டுகளில் இதற்குப் பல விடைகள் சொல்லியிருக்கிறது. எந்த விடையும் முந்தையதை முழுதாக அகற்றிவிடவில்லை.

பெங்களூரின் பொம்மனஹள்ளியை எடுத்துக்கொள்வோம். ஓசூர் சாலையில் சில்க் போர்டுக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் இடையில் கிடக்கும் பகுதி. ஒரு பக்கம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள், இன்னொரு பக்கம் எச்.எஸ்.ஆர். லேஅவுட்டின் மென்பொருள் அலுவலகங்கள், நடுவே கணக்கெழுதும் சிறு அலுவலகங்களும் மருத்துவமனைகளும். உதாரணத்துக்கு, ஒரே மாதத்தில் வாங்கிய ஒரே மாடல் சர்வர்கள் இரண்டு. மென்பொருள் அலுவலகத்தில் இருப்பது இரவு பகல் அணையாமல் ஓடுகிறது. மூன்று ஆண்டில் 26,280 மணி. ஆடைத் தொழிற்சாலை அலுவலகத்தில் இருப்பது மாதம் 26 நாள், நாளுக்கு 10 மணி மட்டும் ஓடுகிறது. மூன்று ஆண்டில் 9,360 மணி. வாரண்டி இரண்டுக்கும் ஒரே நாளில் முடிகிறது. ஆனால் இரண்டாவது சர்வர் அந்த மூன்று ஆண்டில் 900 தடவைக்கு மேல் அணைந்து எரிந்திருக்கிறது. முதலாவது விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். எதற்குத் தேய்மானம் அதிகம் என்று மணிக்கணக்கை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

வாடகைக் காலத்து மீட்டர்

கணினியில் ஓடிய மணியை எண்ணும் பழக்கம் பழுதைக் கணிப்பதற்காக வேரூன்றியதல்ல. வாடகை வசூலில் வேரூன்றியது. ஐ.பி.எம். தன் பெருங்கணினிகளைப் பெரும்பாலும் விற்காமல் வாடகைக்கு விட்ட காலம் அது. மாத வாடகை 176 மணி நேரப் பயன்பாட்டுக்கு. அதாவது நாளுக்கு 8 மணி வீதம் 22 வேலை நாள். அதற்கு மேல் ஓட்டினால் கூடுதல் கட்டணம். 1964இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360 வரிசையின் கட்டுப்பாட்டுப் பலகையில் இரண்டு மீட்டர்கள் இருந்தன, பக்கத்தில் ஒரு சாவித் துளையும் இருந்தது. பராமரிப்புப் பொறியாளர் வந்து சாவியைத் திருப்பினால் ஓட்டம் இரண்டாவது மீட்டருக்கு மாறும். பழுது பார்க்கும் நேரம் வாடிக்கையாளர் தலையில் விழாது. வாடிக்கையாளரின் மணியையும் பராமரிப்பு மணியையும் இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்த ஏற்பாடு இன்றைய சர்வர்களில் இல்லை. இது ஒரு இழப்பு என்றே கருதுகிறேன்.

அந்த முறையின் குறை என்ன? மீட்டர் எண்ணியது பணத்தை, தேய்மானத்தை அல்ல. இயந்திரம் எத்தனை வயதானாலும் ஒரு மணிக்கு ஒரே விலைதான். இந்தியாவில் இது அரசியல் பிரச்சினையாகவே ஆனது. மற்ற நாடுகளில் ஓய்வு கொடுக்கப்பட்ட 1401 போன்ற இயந்திரங்களைப் புதுப்பித்து இங்கே வாடகைக்கு விடுகிறது என்று ஐ.பி.எம். மீது 1970களில் கடும் விமர்சனம் எழுந்தது. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவும் இதைக் கேள்விக்கு உட்படுத்தியது. அந்நியப் பங்கு பற்றிய சட்டத்துக்கு உடன்படாமல் 1978இல் ஐ.பி.எம். நாட்டைவிட்டு வெளியேறியது. அது விட்டுச்சென்ற இயந்திரங்களின் பராமரிப்பைக் கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன் என்ற அரசு நிறுவனம் ஏற்றுக்கொண்டது. தயாரித்தவர் பொறுப்பில் இல்லாத இயந்திரத்தைப் பல ஆண்டுகள் ஓட்டிக் காட்டுவது இந்தியாவுக்குப் புதிதல்ல.

நாட்காட்டி சொல்வதே கணக்கு

இன்று சர்வருக்கான வாரண்டி ஏறக்குறைய எல்லா இடத்திலும் நாட்காட்டிப்படிதான்: மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு. நம் சட்டமும் அதே வழியில்தான் போகிறது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், இரண்டாம் அட்டவணையில், சர்வருக்கும் நெட்வொர்க்குக்கும் பயன்பாட்டுக் காலம் 6 ஆண்டு என்றும், மேசைக் கணினி, மடிக்கணினிக்கு 3 ஆண்டு என்றும் வைத்திருக்கிறது. ஆலை இயந்திரம் இரண்டு ஷிஃப்ட் ஓடினால் தேய்மானத்தை 50 சதவீதமும், மூன்று ஷிஃப்ட் ஓடினால் 100 சதவீதமும் கூட்டிக் காட்ட அதே அட்டவணை இடம் தருகிறது. ஆனால் கணினிகளை இந்த ஷிஃப்ட் கணக்கிலிருந்து விலக்கிவைத்திருக்கிறது. பொம்மனஹள்ளியின் ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்துக்கு மணி செல்லுபடியாகிறது. மாடியில் உள்ள சர்வருக்குச் செல்லுபடியாகவில்லை.

நாட்காட்டிக்கு ஆதரவான வாதம் வலுவானது. தேதியை யாரும் திருத்த முடியாது. பில் இருந்தால் போதும். அதைவிட முக்கியம், அணைத்து வைத்த கருவியும் வயதாகிறது. மின்தேக்கியில் உள்ள திரவம் மெல்ல வற்றுகிறது. யு.பி.எஸ். அறையில் உள்ள ஈய அமில பேட்டரி சும்மா இருந்தாலும் தேய்கிறது. அறை வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிறது என்பது பரவலான விதி. எஸ்.எஸ்.டி.யின் கதை இன்னும் வியப்பானது. ஜெடெக் அமைப்பின் தர விதிப்படி, எழுதும் வரம்பை எட்டிய சர்வர் தர எஸ்.எஸ்.டி. 40 டிகிரியில், மின்சாரம் இல்லாமல், மூன்று மாதம் தரவைக் காப்பாற்றினால் போதும். அலமாரியில் பூட்டி வைத்த சர்வரின் மணிக்கணக்கு நகரவே இல்லை என்பதால் அது பத்திரமாக இருக்கிறது என்று நினைப்பது ஆபத்து.

ஆனால் நாட்காட்டி எத்தனை ஆண்டு என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? 2022இல் மைக்ரோசாஃப்ட் தன் சர்வர்களின் கணக்கு ஆயுளை 4 ஆண்டிலிருந்து 6 ஆக்கியது. 2023இல் கூகுளும் 6 ஆக்கியது. அமேசான் 2024இல் 6 ஆக்கிவிட்டு, 2025இல் ஒரு பகுதிச் சர்வர்களுக்கு மறுபடி 5 ஆகக் குறைத்தது. இந்த எண்களில் பொறியியலும் உண்டு, லாபக் கணக்கும் உண்டு. எது எவ்வளவு என்று வெளியிலிருந்து பிரித்தறிவது கடினம்.

வேலையை எண்ணுவோர்

மூன்றாவது தரப்பு, மணியும் வேண்டாம் ஆண்டும் வேண்டாம், செய்த வேலையை எண்ணு என்கிறது. எஸ்.எஸ்.டி. வாரண்டிகள் இந்த வழிக்கு வந்துவிட்டன: இத்தனை ஆண்டு அல்லது இத்தனை டெராபைட் எழுத்து, எது முந்துகிறதோ அது. 960 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி. ஒன்றை நாளுக்கு ஒரு முறை முழுதாக எழுதலாம் என்று ஐந்தாண்டு வாரண்டி தந்தால், மொத்த வரம்பு சுமார் 1,750 டெராபைட். ஹார்டு டிஸ்க்கிலும் இது வந்திருக்கிறது. மேசைக் கணினிக்கான சில டிஸ்க்குகளின் விவரத்தாளில் ஆண்டுக்கு 2,400 மணி என்று போட்டிருக்கும். சர்வர் தர டிஸ்க்குகளில் 8,760 மணியும், ஆண்டுக்கு 550 டெராபைட் வேலை வரம்பும் காணலாம். செலவைக் குறைக்க மேசை டிஸ்க்கை சர்வரில் மாட்டுவோர், ஓராண்டுக்கான மணியை நூறே நாளில் தீர்த்துவிடுகிறார்கள்.

சர்வர் இருக்கும் கட்டடத்தின் அடித்தளத்தில் நிற்கும் டீசல் ஜெனரேட்டர் இந்த "எது முந்துகிறதோ" முறையைப் பல காலமாகப் பின்பற்றுகிறது. அதன் மணி மீட்டர் சில நூறு மணி காட்டினால், அல்லது குறிப்பிட்ட மாதங்கள் கழிந்தால், எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். ஜெனரேட்டருக்கு இது பொருந்துவதற்குக் காரணம் உண்டு: அங்கே தேய்வது முக்கியமாக ஒன்று, அதைத் தேய்ப்பதும் ஒன்று. சர்வரில் விசிறி, பவர் சப்ளை, மதர்போர்டு, மெமரி, டிஸ்க் என ஒவ்வொன்றும் வெவ்வேறு காரணத்தால் வெவ்வேறு வேகத்தில் தேய்கின்றன. எழுதிய டெராபைட் எஸ்.எஸ்.டி.யைப் பற்றிச் சொல்லும். பவர் சப்ளையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. எஸ்.எஸ்.டி.யைப் பற்றியும் முழுதாகச் சொல்லாது. கூகுள் தரவு மையங்களில் ஆறு ஆண்டுக் காலத்தை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வு, எழுத்தின் அளவைத் தனியே கழித்துப் பார்த்த பிறகும், களத்தில் இருந்த ஆண்டுகளுக்கும் பிழைகளுக்கும் தொடர்பு எஞ்சுவதைக் கண்டது.

வயதையே நம்பாதவர்கள்

நான்காவது நிலைப்பாடு விமானத் துறையிலிருந்து வந்தது. யுனைடெட் ஏர்லைன்ஸின் நோலனும் ஹீப்பும் 1978இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு எழுதிய அறிக்கை, ஓடிய மணியைப் பார்த்து உறுப்புகளைக் கழற்றி மாற்றும் வழக்கத்தின் அடித்தளத்தையே அசைத்தது. அவர்கள் ஆராய்ந்த உறுப்புகளில் 11 சதவீதத்துக்கு மட்டுமே வயதுக்கும் பழுதுக்கும் தெளிவான தொடர்பு இருந்தது. 68 சதவீத உறுப்புகளில் பழுது தொடக்கத்தில் அதிகம், பிறகு சீராக இருந்தது. நன்றாக ஓடும் ஒன்றை மணி முடிந்ததென்று கழற்றிப் புதியதை மாட்டுவது, தொடக்கப் பழுதை விலை கொடுத்து வாங்குவதாகவும் ஆகலாம்.

இந்தச் சிந்தனையின் கணினி வடிவம்தான் 1990களில் ஹார்டு டிஸ்க்குகளுக்குள் வந்த "ஸ்மார்ட்" கண்காணிப்பு. டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும்: மாற்றப்பட்ட செக்டர்கள், படிக்க முடியாத செக்டர்கள், வெப்பம், 9ஆம் எண் வரிசையில் மின்சாரம் பாய்ந்த மணி. 2007இல் ஒரே மாநாட்டில் இரண்டு பெரிய ஆய்வுகள் இதைச் சோதித்தன. கூகுளின் பின்யெய்ரோ, வெபர், பரோசோ மூவரும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளைப் பார்த்தார்கள். சில எச்சரிக்கைக் குறிகள் உண்மையிலேயே வலுவானவை என்று கண்டார்கள். ஆனால் பழுதான டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கு மேற்பட்டவை, வெப்பத்தைத் தவிர வேறு எந்தக் குறியும் காட்டாமலே செத்துப்போயிருந்தன. அதிக வேலை வாங்கப்பட்ட டிஸ்க்குகளில் பழுது தெளிவாகக் கூடியது மிக இளம் வயதிலும் மிக முதிர்ந்த வயதிலும்தான்.

கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஷ்ரோடரும் கிப்சனும் செய்த ஆய்வு விவரத்தாள்களையே சந்தேகித்தது. 10 லட்சம் மணி சராசரி ஆயுள் என்றால் ஆண்டுக்கு நூறில் ஒரு டிஸ்க்கூட மாற்ற வேண்டிவராது. அவர்கள் கண்டதோ பொதுவாக 2 முதல் 4 சதவீதம், சில இடங்களில் 13 சதவீதம் வரை. மாற்றும் விகிதம் சில ஆண்டுகள் சமதரையில் நிற்பதற்குப் பதில் தொடக்கத்திலிருந்தே ஏறிக்கொண்டு போனது. ஆக, ஒரே ஆண்டில், ஒரே மேடையில், ஒரு தரப்பு வயதுக்கு மதிப்பைக் கூட்டியது. மறு தரப்பு எந்தக் குறியையும் தனியே நம்பாதே என்றது. இவை ஒன்றையொன்று மறுப்பவை என்று சொல்லிவிட முடியாது. பார்த்த டிஸ்க் வகையும் பழுது என்பதற்கு வைத்த வரையறையும் வேறு.

இந்த ஆய்வுகளைச் சிறிய அலுவலகங்களுக்குப் பொருத்தும்போது ஒன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். லட்சம் டிஸ்க் உள்ளவருக்கு 3 சதவீதம் என்பது மாதந்தோறும் வரும் வேலை, முன்கூட்டியே திட்டமிடலாம். நான்கு டிஸ்க் உள்ளவருக்கு அது ஒரு நாள் காலையில் வரும் இடி. விகிதம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அந்த நான்கில் எது, எப்போது என்று அது சொல்லாது. அங்கே பேக்கப்தான் காப்பாற்றும். மணிக்கணக்கு இரண்டாம் இடம்தான்.

எண்ணியே பொய்த்தால்

இதுவரை பார்த்த நான்கு தரப்பும் எண்ணி சரியாக எண்ணுகிறது என்று வைத்துக்கொண்டுதான் பேசின. அந்த நம்பிக்கையை அசைத்த நிகழ்வுகளே இந்தக் கேள்வியின் மிக முக்கியமான பகுதி.

2019 நவம்பரில் எச்.பி. என்டர்பிரைஸ் ஓர் அவசர அறிவிப்பு விட்டது. சில எஸ்.ஏ.எஸ். வகை எஸ்.எஸ்.டி.க்கள் 32,768 மணி ஓடியதும் நின்றுவிடும். அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி. அதன்பின் டிஸ்க்கும் மீளாது, தரவும் மீளாது. 32,768 என்பது 2இன் 15ஆம் அடுக்கு. குறியுடன் கூடிய 16 பிட் எண்ணில் அடங்கும் கடைசி எண் அதற்கு ஒன்று குறைவு. 2020 மார்ச்சில் இன்னொரு தொகுதிக்கு அறிவிப்பு வந்தது: இம்முறை 40,000 மணி, அதாவது 4 ஆண்டு 206 நாள் 16 மணி. டெல், சிஸ்கோ நிறுவனங்களும் 40,000 மணி பற்றி இதே போன்ற எச்சரிக்கையை வெளியிட்டன. மருந்து ஒன்றுதான்: அந்த மணி வருவதற்குள் ஃபர்ம்வேரைப் புதுப்பித்துவிட வேண்டும்.

இதன் கொடுமை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு டிஸ்க் செத்தாலும் தரவைக் காக்கும் ரெய்டு அமைப்பின் அடிப்படையே, இரண்டு டிஸ்க் ஒரே நேரத்தில் சாகாது என்ற அனுமானம். ஒரே நாளில் மாட்டிய எட்டு டிஸ்க்குகளும் ஒரே மணியில் 32,768ஐத் தொட்டால், ரெய்டும் மாற்று டிஸ்க்கும் சேர்ந்தே விழும். நாட்காட்டி வாரண்டியை மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. ஓடிய மணியைப் படித்து வைத்தவர்களுக்கு எத்தனை நாள் மிச்சம் என்று துல்லியமாகத் தெரிந்தது. மணிக்கணக்கு எதற்கும் உதவாது என்போருக்கு இதைவிடக் கூர்மையான பதில் இல்லை. இது ஒற்றை நிகழ்வும் அல்ல. 2012இல் குரூஷியல் எம்4 எஸ்.எஸ்.டி.க்கள் 5,184 மணியில் தடுமாறத் தொடங்கின. ஏ.எம்.டி.யின் எபிக் 7002 வரிசைச் செயலி, கடைசியாகத் தொடங்கியதிலிருந்து சுமார் 1,044 நாள் இடைவிடாமல் ஓடினால் ஒரு கோர் உறைந்துவிடலாம் என்பது 2023இல் பரவலாகத் தெரியவந்தது. இங்கே முக்கியம் மொத்த மணி அல்ல, இடையில் நிறுத்தாத மணி. இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பவர்கள் குறைவு.

எண்ணிகள் ஒரே மொழி பேசுவதும் இல்லை. பழைய டிஸ்க்குகளில் சில நிமிடத்தில் எண்ணின, சில நொடியில். என்.வி.எம்.இ. தர விதி, குறைந்த மின் நிலையில் டிஸ்க் உறங்கிய நேரத்தை எண்ணாமல் விடவும் இடம் தருகிறது. ஸ்மார்ட் சுயபரிசோதனைப் பதிவில் மணிக்கு ஒதுக்கிய இடம் 16 பிட் மட்டுமே. ஏழரை ஆண்டில், 65,536 மணியில், அது பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். மொத்தச் சர்வரின் மணியைக் கேட்க ஐ.பி.எம்.ஐ. தரத்தில் ஒரு கட்டளை உண்டு, ஆனால் அது கட்டாயமில்லை. மதர்போர்டை மாற்றினால் அதிலிருந்த கணக்கும் பழைய போர்டோடு போய்விடும். வாரண்டியில் போர்டு மாற்றப்பட்ட சர்வர் ஒன்று பிறகு கைமாறும்போது, மணிக்கணக்கு மட்டும் அதைப் புதியதாகக் காட்டும்.

வேண்டுமென்றே அழிப்பதும் நடக்கிறது. 2025 ஜனவரியில் ஜெர்மனியின் ஹைஸ செய்தித் தளம் வெளிக்கொண்டுவந்த விவகாரத்தில், புதியவை என்று விற்கப்பட்ட சீகேட் டிஸ்க்குகளின் ஸ்மார்ட் மணி பூஜ்யத்துக்கு அருகில் இருந்தது. ஆனால் அதே டிஸ்க்கில் சீகேட் தனியே வைத்திருக்கும் ஃபார்ம் என்ற பதிவு 15,000 முதல் 50,000 மணி வரை காட்டியது. சியா என்ற மின்நாணயம் தோண்டப் பயன்பட்ட டிஸ்க்குகள் அவை என்று சந்தேகிக்கப்பட்டது. அதே ஆண்டு மலேசியாவில் இப்படி டிஸ்க்குகளைப் புதியதாக்கிய ஒரு பட்டறை சோதனையிடப்பட்டது. பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் சென்னை ரிச்சி தெருவிலும் உதிரி வாங்கிப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பழைய பொருளைப் புதியது என்று விற்பதை முறையற்ற வணிகம் என்கிறது. ஆனால் வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை, சுயதொழில் பிழைப்புக்கான விலக்கைத் தவிர, அதே சட்டம் நுகர்வோராகக் கொள்வதில்லை. சர்வர் வாங்கும் நிறுவனம் பெரும்பாலும் தன் ஒப்பந்தத்தை நம்பித்தான் நிற்க வேண்டும்.

எதிர்த்திசையில் ஒரு எச்சரிக்கையும் தேவை. வெஸ்டர்ன் டிஜிட்டலின் கண்காணிப்பு மென்பொருள், மூன்று ஆண்டு மணி ஓடியதுமே டிஸ்க்குக்கு எச்சரிக்கைக் குறி போட்டது 2023இல் பெரும் அதிருப்தியைக் கிளப்பியது. டிஸ்க் எவ்வளவு நலமாக இருந்தாலும் குறி வந்தது. மணியை மட்டும் வைத்து மாற்றச் சொல்வது விற்பனைக்கு உதவலாம். பழுதைத் தடுக்க உதவுகிறது என்பதற்கு ஆதாரம் மெலிது.

தீர்ந்ததும் தீராததும்

ஆதாரங்களை எடைபோட்டால், ஓடிய மணி பழுதைக் கணிக்கப் பலவீனமானது, அடையாளத்தைச் சோதிக்க வலுவானது என்று சொல்லத் தோன்றுகிறது. இந்த டிஸ்க் எப்போது சாகும் என்று அது அரிதாகவே சொல்லும். இந்த டிஸ்க் புதியதா, எந்தெந்த டிஸ்க்குகள் ஒரே வயதுடையவை, அறிவிக்கப்பட்ட பிழை எல்லைக்கு இன்னும் எத்தனை நாள் என்பதைத் தெளிவாகச் சொல்லும். வாரண்டி தேதியிலேயே நிற்பது நியாயம். தேதியைத் திருத்த முடியாது. பராமரிப்பு, உறுப்புக்கு உறுப்பு வேறு அளவுகோலைக் கேட்கிறது: பேட்டரிக்கு ஆண்டும் வெப்பமும், எஸ்.எஸ்.டி.க்கு எழுத்தும் ஆண்டும், ஹார்டு டிஸ்க்குக்கு ஸ்மார்ட் குறிகள்.

தீராதவை சில உண்டு. அழிக்க முடியாத எண்ணியை எல்லாத் தயாரிப்பாளரும் ஒரே வடிவில் தருவார்களா என்பது முதலாவது. ஃபார்ம் போன்ற பதிவு ஒரு நிறுவனத்தின் ஏற்பாடு, தரம் அல்ல. அடிக்கடி அணைத்து எரிய வைப்பதற்கும் தொடர்ந்து ஓட்டுவதற்கும் இடையே எது குறைந்த தீங்கு என்பது சிறு அலுவலகச் சூழலில் போதுமான அளவு ஆராயப்படவில்லை. பெரும் ஆய்வுகள் அணையாத தரவு மையங்களிலிருந்தே வந்தவை. செயற்கை நுண்ணறிவுக்கான ஜி.பி.யூ. சர்வர்களுக்கு ஆறு ஆண்டு ஆயுள் என்ற கணக்கு பொருந்துமா என்பதும் இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

இவை தீரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று இருக்கிறது. சர்வரோ டிஸ்க்கோ வந்து இறங்கிய அன்றே, விற்பவர் ஆள் பக்கத்தில் இருக்கும்போதே, ஒவ்வொரு டிஸ்க்கின் வரிசை எண், ஃபர்ம்வேர் எண், ஓடிய மணி மூன்றையும் படித்து டெலிவரி சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரே தொகுதி டிஸ்க்குகளை ஒரே ரெய்டில் அடைக்க வேண்டிவந்தால், அந்த ஃபர்ம்வேருக்கான எச்சரிக்கைகளை அன்றே தேடிப் பாருங்கள். பராமரிப்பு ஒப்பந்தத்தில், காலாண்டுக்கு ஒருமுறை இதே மூன்றையும் பதிந்து தர வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். ஐ.பி.எம். பொறியாளர் சாவியைத் திருப்பிய காலத்தில் இருந்த அந்த ஒழுங்கை ஒரு நோட்டுப் புத்தகத்திலேயே மீட்டுவிடலாம்.